நடைவழியின் கடைசிச் சுவர்: வீட்டில் மாட்டிய ஒரு சர்ரியலிச அச்சுப் பிரதி பற்றிய நிகழ்வு ஆய்வு

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இரவில் தனியாகக் கழிப்பறைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தாகம் எடுத்தாலும் எழுந்திருப்பதில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடியபடி நடக்கிறாள். அந்த வீட்டு நடைவழியின் கடைசிச் சுவரில் நான் ஒரு படத்தை மாட்டிய நான்காம் நாள் இது தொடங்கியது. எனக்குத் தெரியவந்தபோது இரண்டு வாரம் ஓடியிருந்தது.

நுண்கலை அச்சு எடுப்பது, சட்டம் போடுவது, வீட்டில் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது, இவை என் தொழில். மனத்தை உலுக்கும் ஓவியங்களை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். சுவரின் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குகிறவர்கள் அல்ல அவர்கள். ஒரு படம் தங்களை விடாமல் தொந்தரவு செய்கிறது, அதனாலேயே அது வேண்டும் என்பவர்கள். அந்த ஆசைக்கு நான் எதிரி இல்லை என்பதால்தான் இந்த ஒரு வீட்டில் நடந்ததை என் தவறோடு சேர்த்து எழுதி வைக்கிறேன். வீட்டாரிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அவர்களை அடையாளம் காட்டும் எதையும் எழுதவில்லை.

வீடு, ஆட்கள், படங்கள்

கணவன், மனைவி, ஒரே மகள், கணவனின் தாயார். பாட்டி தன் கணவரைப் பறிகொடுத்து ஓராண்டுகூட ஆகவில்லை. இதை நான் முதல்முறை போனபோது கேட்கவில்லை. குழந்தை எந்த அறையில் தூங்குகிறாள் என்றும் கேட்கவில்லை. என் குறிப்பேட்டில் அன்று இருந்தவை சுவர்களின் நீள அகலமும் ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் மட்டுமே.

மாட்டச் சொல்லி மூன்று படங்களை எடுத்து வைத்திருந்தார்கள். மூன்றும் சர்ரியலிச ஓவியங்களின் அச்சுப் பிரதிகள்; கனவில் வருவது போல நிஜத்தைக் குலைத்துக் காட்டும் ஓவிய வகை அது. மூன்றும் வேறிடத்தில் வாங்கியவை. சட்டம் போடுவதும் மாட்டுவதும் என் பொறுப்பு.

முதலாவது, டொரோத்தியா டானிங் 1943-இல் வரைந்த ‘ஐனே க்ளைனே நாக்ட்மூசிக்’. மோட்சார்ட்டின் இசைக்கோவை ஒன்றின் பெயரைச் சூட்டிக்கொண்ட ஓவியம். ‘சிறிய இரவிசை’ என்று பொருள். பெயரில் இருக்கும் இனிமை படத்தில் இல்லை. பழைய விடுதியின் மாடி நடை போன்ற இடம், சிவப்புக் கம்பளம், எண்ணிட்ட கதவுகள் வரிசையாக மூடிக்கிடக்கின்றன. கோடியில் ஒரு கதவு மட்டும் ஒருக்களித்துத் திறந்திருக்க, உள்ளிருந்து வெளிச்சம் வழிகிறது. படிக்கட்டின் தலைப்பில் ஒரு ராட்சச சூரியகாந்தி தண்டோடு விழுந்து கிடக்கிறது. ஒரு சிறுமி நிற்கிறாள், தலைமயிர் முழுவதும் மேல்நோக்கி எழும்பி நிற்கிறது. இன்னொருத்தி கதவு நிலையில் சாய்ந்திருக்கிறாள், கண்கள் மூடியிருக்கின்றன. பெண்ணா, பொம்மையா என்பது முதல் பார்வையில் பிடிபடாது. இருவர் உடையும் கிழிந்து கலைந்திருக்கின்றன.

இரண்டாவது, ரெனே மாக்ரித்தின் ‘காதலர்கள்’, 1928. முகம் முழுவதும் துணியால் மூடிய ஆணும் பெண்ணும் அந்தத் துணியோடே முத்தமிட்டுக்கொள்கிறார்கள். மாக்ரித் அதே ஆண்டில் இதே பெயரில் வேறு வடிவமும் வரைந்தார்; இவர்கள் வாங்கியது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் முத்தக் காட்சி. படுக்கையறையில், கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே மாட்டினேன்.

மூன்றாவது, மாக்ஸ் எர்ன்ஸ்டின் ‘அடுப்படித் தேவதை’, 1937. ஸ்பானிய உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்துப் படம். கந்தல் துணியும் பறவை அலகும் விலங்குப் பல்லுமாகச் சேர்ந்த ஒரு பிறவி வெறுநிலத்தின் மேல் குதித்து வருகிறது. மூலம் 114-க்கு 146 சென்டிமீட்டர். இவர்களிடம் இருந்தது 30-க்கு 40 அளவுப் பிரதி. கணவரின் மேசை அருகே போயிற்று. இதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. அந்தப் பிறவி நம் உயரத்துக்கு நம்மேல் பாய வேண்டும். நாட்காட்டி அளவுக்குச் சுருக்கினால் கிறுக்கலான ஒரு நடனமாகத் தெரிகிறது, அவ்வளவே. “கண்ணில் படுவதே இல்லை” என்று கணவரே பிறகு சொன்னார்.

டானிங் படத்துக்கு நடைவழியின் கோடிச் சுவரைத் தேர்ந்தெடுத்தது நான்தான். 120-க்கு 80 சென்டிமீட்டர் பிரதி. அவ்வளவு பெரிய படம் தாங்கக்கூடிய வெறும் சுவர் வீட்டில் அது ஒன்றுதான். நுழைந்தவுடன் தூரத்தில் தெரியும், நடக்க நடக்க நெருங்கி வரும், நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். பகல் பதினொரு மணிக்கு மாட்டி, பின்னால் நகர்ந்து நின்று பார்த்து, மட்டம் சரிபார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

இரவில் போய்ப் பார்த்தது

சிறுமியின் அம்மா தொலைபேசியில் பேசியபோது, “படத்தை எடுத்துடலாமா அண்ணா?” என்றுதான் கேட்டார். குரலில் வருத்தம் இருந்தது. 2019-இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் நடந்த டானிங் கண்காட்சியில் அந்த ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றவர் அவர். ஆறேழு ஆண்டு மனத்தில் சுமந்து, பிறகு வாங்கியிருக்கிறார். எடுத்துவிடுவது எளிது. ஏன் என்று தெரிந்துகொண்டு எடுக்கலாம் என்றேன்.

இரவு ஒன்பதரைக்குப் போனேன். தினமும் தூங்கும்போது எந்தெந்த விளக்குகள் எரியுமோ அவை மட்டும் எரியட்டும் என்று கேட்டுக்கொண்டேன். பிறகு சிறுமியின் அறை வாசலில் முழங்காலிட்டு உட்கார்ந்தேன். அவள் கண்மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ 110 சென்டிமீட்டர். என் கண்ணை அந்த உயரத்துக்குக் கொண்டுவந்து நடைவழியைப் பார்த்தபோது, பகலில் எனக்குத் தெரியாத நான்கு விஷயங்கள் தெரிந்தன.

படத்தின் மையத்தைத் தரையிலிருந்து 150 சென்டிமீட்டரில் வைத்திருந்தேன். கண்காட்சிக் கூடங்களில் 145 முதல் 155 வரை வைப்பது வழக்கம். நிற்கும் பெரியவர்களின் கண்மட்டம் அது. 80 சென்டிமீட்டர் உயரப் படத்தின் கீழ்விளிம்பு அப்படியானால் 110-இல் வரும். சிறுமியின் கண் சரியாக அந்த விளிம்பில் நிற்கிறது. அவளுக்கு முழுப் படமும் தலைக்கு மேலே. படத்துக்குள் இருக்கும் நடையின் தரை, அவள் கண்ணிலிருந்து தொடங்குகிறது.

அடுத்தது, நடைவழி. அவள் வீட்டு நடைவழியின் இரு பக்கமும் மூடிய கதவுகள். அந்த நடை முடியும் இடத்தில் படத்தின் நடை தொடங்குகிறது. அங்கும் மூடிய கதவுகள். இரட்டிப்பாகப் பெருக்கியதால் படத்தில் இருக்கும் சிறுமிகளின் உருவமும் கதவுகளும், ஆறு மீட்டர் தள்ளிப் பார்க்கும்போது, அங்கே இன்னும் கொஞ்ச தூரத்தில் நிஜமாகவே நிற்பவர்களின் அளவுக்கு வந்துவிட்டன. சுவர் மறைந்துவிட்டது. வீடு நீண்டுவிட்டது.

மூன்றாவது விளக்கு. தரையோரம் ஒரு மஞ்சள் இரவு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தகைய வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் அமுங்கி, சிவப்பும் மஞ்சளும் எழும்பும். கம்பளமும் சூரியகாந்தியும் கோடிக் கதவின் இடுக்கில் வழியும் ஒளியும் மட்டும் இருட்டில் மிதந்தன. மற்றவை எல்லாம் கறுத்துக் கிடந்தன.

நான்காவது, பளபளப்பு. விற்றவர்களே பிரதியை அக்ரிலிக் தகட்டுக்குப் பின்னால் வைத்துக் கொடுத்திருந்தார்கள். நான் மெல்ல அசைந்தபோது படத்துக்குள் ஏதோ அசைந்தது. என் நிழலுருதான். ஏழு வயதுக் குழந்தைக்கு அது யாருடையது என்று எப்படித் தெரியும்?

எழுந்து போய் அவளிடம் பேசினேன். அம்மாவும் கூட இருந்தார். “பாப்பா, அந்த அக்கா ரெண்டு பேரையும் பார்த்தா பயமா?” என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். “பூ?” அதுவும் இல்லை. சற்றுப் பொறுத்து அவளே சொன்னாள்: “அந்தக் கடைசிக் கதவு. அது நேத்தைவிட இன்னிக்கு அதிகமா தொறந்திருக்கு.”

அம்மா என்னைப் பார்த்தார். தலைமயிர் எழும்பிய பெண்ணையோ, கிழிந்த உடையையோதான் நாங்கள் இருவரும் சந்தேகப்பட்டிருந்தோம். குழந்தை பயந்தது, வீட்டில் தன் கண்முன் தினமும் இருக்கும் ஒரு சாதாரணப் பொருளுக்கு.

உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃபிராய்ட் 1919-இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த உணர்வைப் பற்றியது. ‘உன்ஹைம்லிஷ்’ என்ற ஜெர்மன் சொல்லுக்குள் வீடு என்ற சொல் இருக்கிறது. வீட்டுக்குரியது, பழகியது என்ற சொல்லின் மறுதலை அது. முற்றிலும் அந்நியமான ஒன்றைக் கண்டு வரும் திகில் வேறு. நன்றாகப் பழகிய ஒன்று சற்றே இடம்மாறி நிற்கும்போது அடிவயிற்றில் வரும் குளிர் வேறு. சர்ரியலிசத்தின் முதல் அறிக்கையைக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1924-இல் பாரிசில் வெளியிட்ட பின் அந்த வட்டத்துக்குள் வந்த ஓவியர்கள் பலர் இந்தக் குளிரைத்தான் தேடிப் போனார்கள். அவர்கள் கையாண்டவை கதவு, கண்ணாடி, கட்டில், மேசை, ஜன்னல். ஆகவே வீட்டில் இந்தப் படங்களை வைப்பதில் மற்ற படங்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு: படத்தில் இருக்கும் பொருள் உங்கள் வீட்டிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேர்கோட்டில் அமைந்துவிட்டால் ஓவியம் சுவரோடு நிற்காது. நான் அந்த நேர்கோட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பிரதியைக் கழற்றிப் பார்த்தபோது

அன்றிரவே படத்தை இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். மாட்டும்போது செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தேன்: உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன்.

டேட்டின் சேகரிப்பில் இருக்கும் மூல ஓவியம் 40.7-க்கு 61 சென்டிமீட்டர். இரண்டு கைகளால் தூக்கிப் பார்க்கக்கூடிய அளவு. விற்றவர்கள் நீளத்தை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். பரப்பு நான்கு மடங்கு. நல்ல டிஜிட்டல் கோப்பு இருந்தால் அதிலும் பிழையில்லை. விளிம்புகளில் தெரிந்த படிக்கட்டு போன்ற கோணல்களை அளந்து கணக்கிட்டால், மூலக்கோப்பின் அகலம் 1,200 பிக்சலைத் தாண்டியிருக்காது. 120 சென்டிமீட்டருக்கு அதை இழுத்தால் அங்குலத்துக்கு 25 பிக்சல் கிடைக்கும். கையெட்டும் தூரத்தில் பார்க்கும் நுண்கலை அச்சுக்கு நாங்கள் எடுத்துக்கொள்ளும் அளவு 300. குறையை மறைக்க மென்பொருளில் கூர்மையை ஏற்றி, நிறச்செறிவைக் கூட்டி, நிழல்களை மொத்தமாகக் கறுப்பில் தள்ளியிருந்தார்கள்.

கூடவே ஒரு சான்றிதழ் இருந்தது. ‘ஜிக்லே’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. இந்தச் சொல்லைப் பார்த்து மயங்குகிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். 1991-இல் ஜாக் டுகான் என்ற அச்சுக் கலைஞர், மைத்தாரை (இங்க்ஜெட்) அச்சில் எடுத்த கலைப் பிரதிகளுக்கு மதிப்பான ஒரு பெயர் வேண்டும் என்று உருவாக்கிய சொல் அது. தாள் பருத்தியா, மை நிறமியா, கோப்பு எங்கிருந்து வந்தது, உரிமை வாங்கினார்களா என்ற நான்கு கேள்விக்கும் அந்தச் சொல்லில் விடை கிடையாது. உரிமைக் கேள்வி வெறும் சட்ட நுணுக்கமும் இல்லை. மாக்ரித் 1967-இலும் எர்ன்ஸ்ட் 1976-இலும் டானிங் தம் 101-ஆம் வயதில் 2012-இலும் இறந்தார்கள். ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை தரும் நாடுகள் பல. அங்கெல்லாம் மூவரின் படைப்பும் இன்னும் பதிப்புரிமைக்குள் இருக்கிறது. அனுமதி பெற்று எடுப்பவருக்கு அருங்காட்சியகத்தின் முழுக்கோப்பு கிடைக்கும். பெறாதவர் திரையில் பார்க்கத் தந்த சிறு கோப்பை இழுத்துப் பெரிதாக்குவார். இந்தப் பிரதியில் என் உருப்பெருக்கி காட்டியது அதைத்தான்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றைப் பிறகுதான் கண்டேன். மூலத்தில், நிலையில் சாய்ந்திருக்கும் பெண்ணின் கையில் சூரியகாந்தியின் ஓர் இதழ் இருக்கிறது. இன்னும் இரண்டு இதழ்கள் படிகளில் கிடக்கின்றன. அங்கே ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கிறது. பூவும் தோல்வி கண்டிருக்கிறது. இளம்பருவம் எதிர்கொள்ள வேண்டிய எல்லாவற்றுக்கும் அந்தப் பூவை அடையாளமாக வைத்ததாக டானிங்கே பின்னாளில் விளக்கியிருக்கிறார். இந்தப் பிரதியில் கையிலிருந்த இதழ் ஒரு மஞ்சள் கறை. படியில் கிடந்தவை கம்பளத்தின் மினுமினுப்போடு கலந்துவிட்டன. மிஞ்சியது இருட்டும், இரண்டு பெண்களும், திறந்த கதவும். சண்டை போட்டதற்கான சான்றை அழித்துவிட்டுப் பயத்தை மட்டும் அச்சடித்திருக்கிறார்கள்.

மட்டமான பிரதியால் படம் மங்கலாகும், அழகு குறையும் என்று மட்டுமே அதுவரை நினைத்திருந்தேன். பொருளே மாறிவிடும் என்பதை இந்த வீடுதான் காட்டிக் கொடுத்தது.

பாட்டி சொன்னது

அதே இரவு நான் படத்தை இறக்கிக்கொண்டிருந்தபோது பாட்டி வந்து நின்றார். “தம்பி, இதை எடுக்கிறதுன்னா அந்த ரூம்ல இருக்கிறதையும் எடுத்துட்டுப் போயேன்” என்றார். மகனும் மருமகளும் திகைத்துப்போனார்கள். அதுவரை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்கள் அறையில் அவர்கள் மாட்டியிருப்பதைப் பற்றித் தான் பேசக்கூடாது என்று இருந்திருக்கிறார்.

“என்னம்மா செய்யுது அது?” என்று கேட்டேன்.

“மூடின முகம் தம்பி. நான் ஒரு தடவை பார்த்துட்டேன். திரும்பத் திரும்ப எதுக்கு?”

மாக்ரித்தின் வாழ்க்கை அவருக்குத் தெரியாது. 1912-இல், மாக்ரித்துக்குப் பதின்மூன்று வயதானபோது, அவர் தாயார் சாம்பர் ஆற்றில் மூழ்கி இறந்தார். உடலைக் கண்டெடுத்தபோது இரவு உடை முகத்தை மூடியிருந்ததாக ஒரு கதை நெடுநாள் வழங்கிவந்தது. அந்தக் கதை எவ்வளவு உண்மை என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. தம் படங்களை இப்படி விளக்குவதை மாக்ரித்தே விரும்பவில்லை. நானும் அதை விளக்கமாகச் சொல்லவில்லை. ஒரு படிப்பும் இல்லாமல், எந்தக் குறிப்பும் வாசிக்காமல், ஒரு மூதாட்டி நேராக அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார் என்பதைச் சொல்கிறேன். தம்பதிக்கு அது நெருக்கத்தின் நடுவிலும் விலகாத அந்நியம் பற்றிய படம். அவருக்கு அது தன் கணவரைக் கடைசியாகப் பார்த்த கணம். இரண்டு பார்வையையும் அந்த ஒரே துணி தாங்குகிறது. அதனால்தான் அது பெரிய படம்.

படுக்கையறைக் கதவு பகலில் திறந்தே இருக்கும். பாட்டி கூடத்துக்குப் போக அதைக் கடந்துதான் போக வேண்டும். நாளுக்குப் பத்து முறையாவது போவார். அதையும் நான் கேட்டிருக்கவில்லை.

இங்கேதான் இரண்டு புகார்களும் ஒன்றாயின. கண்காட்சிக் கூடத்தில் போய்ப் படம் பார்க்கிறவர் தானாக நடந்து போகிறார், வேண்டியபோது முதுகைத் திருப்பிக்கொள்கிறார். வீட்டில் படம் அசைவதில்லை. ஆட்கள்தான் அதன் முன்னால் போய்வருகிறார்கள், அதுவும் தூக்கக் கலக்கத்தில், காய்ச்சலில், துக்கத்தில். யார் விலகிப் போக முடியாதோ அவரை வைத்துத்தான் சுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் வாங்கியவரின் ஆசையை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்திருந்தேன். சிறுமிக்கு வேறு வழி இல்லை, பாட்டிக்கும் இல்லை. அந்த இரண்டு வழியின் முனையிலும் நான் ஒரு படத்தை நிறுத்தியிருந்தேன்.

மறுபடி செய்தது

‘காதலர்கள்’ அன்றே கீழே இறங்கியது. அமிலம் கலக்காத மெல்லிய தாளை மேலே போர்த்தி, தட்டையான கோப்புறையில் கிடைமட்டமாக வைத்துக் கொடுத்தேன். தாள் அச்சைச் சுருட்டி வைத்தால் நாளடைவில் மைப்பரப்பு வெடிக்கலாம், விரித்தாலும் சமமாகப் படியாது. எப்போது மறுபடி வெளியே வரும் என்று யாரும் பேசவில்லை.

டானிங்கை விட மனமில்லை என்றார் மனைவி. எனக்கும் இல்லை. உரிய அனுமதியோடு முழுக்கோப்பு வாங்கி மூல அளவிலேயே, 40.7-க்கு 61-இல், புதிதாக அச்சிடுவது என்று முடிவு செய்தோம். பெரிதாக இருந்ததாகத்தான் அவர் நினைவில் பதிந்திருந்தது. “இவ்வளவு சின்னதா?” என்றார். இது பலருக்கும் நேர்வது. டாலியின் உருகும் கடிகாரங்களை முதன்முறை நேரில் பார்க்கிறவர்கள் திகைப்பதும் இதனால்தான், 24.1-க்கு 33 சென்டிமீட்டர், ஒரு ஏ4 தாளைவிடச் சற்றே கூடுதல். டாலியும் டானிங்கும் இந்தப் படங்களைக் குனிந்து, நெருங்கிப் பார்க்கும் அளவில் வரைந்தார்கள். அந்த நெருக்கத்தில் பயத்தோடு ஆர்வமும் சேர்ந்துகொள்கிறது. பெருக்கியதும் ஆர்வம் போய்விடுகிறது.

தாளைத் தேர்வதில் மூன்று நாள் போயிற்று. ஒளிராத பருத்தித் தாளில் முதலில் ஒரு பட்டை அச்சிட்டேன். கதவுகளுக்கு இடையே இருக்கும் நிழல்கள் கட்டிப்போயின. அந்தவகைத் தாளில் கறுப்பு ஓர் எல்லைக்கு மேல் ஆழம் போகாது. எண்ணெய் ஓவியத்தின் அடர்ந்த பழுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடுத்து பரைட்டா என்ற வெண்பூச்சு (பேரியம் சல்பேட்) பூசிய தாளில், சதுர மீட்டருக்கு 310 கிராம் கனத்தில், அதே பட்டையை எடுத்தேன். நிழலுக்குள் கதவு நிலையின் விளிம்பும் சுவரின் பூச்சும் தனித்தனியாகப் பிரிந்தன. இந்த ஓவியத்தில் இருட்டு வெறும் கறுப்பாக இருக்கக் கூடாது. இருட்டுக்குள் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். நிறமி மை, சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் வெள்ளை ஓரம், பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி, பழுப்பு மரச்சட்டம். வெள்ளை ஓரத்தை வேண்டுமென்றே அகலமாக விட்டேன். படம் இங்கே முடிகிறது, இதற்கு மேல் சுவர் என்று அது சொல்லிவிடும்.

பட்டைகளை என் பட்டறை விளக்கில் பார்த்து முடிவு செய்யவில்லை. அவர்கள் வீட்டுக்கே எடுத்துப்போய், மாட்டப்போகும் இடத்தில், பகலிலும் இரவிலும் வைத்துப் பார்த்தேன். இப்போது எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்கிறேன்.

இடம்: வாசிக்கும் அறையில், உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் பக்கவாட்டில் தெரியும் சுவர். கதவைத் திறந்து வைத்தாலும் நடைவழியிலிருந்து தெரியாது. மையத்தின் உயரம் 125 சென்டிமீட்டர். உட்கார்ந்தவரின் கண்ணும் நிற்கும் குழந்தையின் கண்ணும் படத்தின் பரப்புக்குள்ளேயே விழும். ஒரு சிறு விளக்கை அதற்கென்று தனியாக வைத்து, சுவிட்சைச் சிறுமிக்கு எட்டும் உயரத்தில் பொருத்தச் சொன்னேன். இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் நம்பியது அந்தச் சுவிட்சைத்தான்.

காலியான நடைச் சுவரில் மாக்ரித்தின் ‘மறுபதிப்புக்குத் தடை’ படத்தை வைக்கலாமா என்று கணவர் கேட்டார். 1937-இல் எட்வர்ட் ஜேம்ஸ் என்பவருக்காக வரைந்தது; ரோட்டர்டாமில் போய்மன்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணாடி முன் நிற்பவனின் முகத்துக்குப் பதிலாக அவன் முதுகையே கண்ணாடி காட்டும். பக்கத்தில் கிடக்கும் புத்தகம் மட்டும் ஒழுங்காகப் பிரதிபலிக்கும். எனக்கு உயிரான படம். ஆனாலும் அந்தச் சுவரில் வேண்டாம் என்றேன். நடையின் கோடியில் முதுகு காட்டி ஒருவன் நின்றால், நடந்து வருகிற ஒவ்வொருவரும் அவனைப் பின்தொடர்கிறவர் ஆகிவிடுவார். இரவில் அந்தக் குழந்தை மறுபடியும் யாரோ ஒருவருக்குப் பின்னால் நடக்க வேண்டியிருக்கும். அந்தச் சுவர் வெறுமையாகவே இருக்கிறது.

பிறகு

படத்தை இறக்கிய நாளிலிருந்து ஒரு வாரத்தில் சிறுமி தனியாக எழுந்து போகத் தொடங்கினாள். முதல் மூன்று இரவு, படம் இல்லாத சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியதாக அம்மா சொன்னார்.

குழந்தையின் கண்ணில் இத்தகைய படங்களே படக்கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புதிய பிரதி வந்து ஐந்தாறு வாரம் அவள் அந்த அறைக்குள் போகவில்லை, யாரும் கூப்பிடவுமில்லை. ஒருநாள் மாலை தானே போய் சுவிட்சைப் போட்டிருக்கிறாள். அம்மா வாசலில் நின்று பார்த்திருக்கிறார். சற்று நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்திருக்கிறது: “அம்மா, சாஞ்சிருக்கிறவ கையில பூவோட இதழ் இருக்கு. இவதான் பிச்சிருக்கா.” பிறகு படிகளில் கிடந்த இரண்டையும் எண்ணியிருக்கிறாள். கதவைப் பற்றி அம்மா மெல்லக் கேட்டதற்கு, “அது தொறந்துதான் இருக்கு. அவங்க கிளம்பிப் போறதுக்கு” என்றாளாம்.

கலை வரலாற்றாளர்கள் அந்தக் கதவைப் பற்றி என்ன சொன்னாலும் சரி, எனக்கு இந்த வாசிப்பு போதும்.

ஆறு மாதம் கழித்து, சட்டத்துக்குள் ஈரம் ஏறியிருக்கிறதா, தாள் நெளிந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். இரண்டும் இல்லை. கிளம்பும்போது பாட்டி, “அந்தக் கோப்பு பத்திரமா இருக்கா தம்பி?” என்று கேட்டார். மருமகள் எடுத்து வந்து மேசையில் வைத்தார். நான் மெல்லிய தாளை விலக்கினேன். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, நெடுநேரம் பார்த்தார்.

“ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டாதா?” என்றார்.

யாரும் பதில் சொல்லவில்லை. அவரே அந்த மெல்லிய தாளை எடுத்து, ஓரங்களைச் சரிசெய்து, மேலே போர்த்தினார். கோப்புறையின் நாடாவைக் கட்டச் சொல்லி என்னிடம் தள்ளினார்.